ஒலி இல்லாமல் விளங்கிய துப்பறியும் படங்கள்

மதிப்பிற்குரிய குழுவினர் அனைவருக்கும் பணிவான வணக்கம். சிவகௌரியின் செய்திக்கு இத்தனை நாள் மறுமொழி எழுதாமல் இருந்தமைக்குப் பொறுத்தருள வேண்டும். கோபத்தில் எழுதினால் வாக்கியம் கோணலாகிவிடும் என்பதால், ஆறட்டும் என்று காத்திருந்தேன்.

ஆறவில்லை.

நோர்பரி மண்டபத்தில் இந்த ஞாயிறு காட்டும் படத்தைத் தெரிவு செய்வது இம்முறை என் பொறுப்பு. நாற்பதுகளில் சொற்பக் காசில் எடுக்கப்பட்ட ஆங்கிலத் துப்பறியும் படம் ஒன்றைச் சொன்னேன். அதற்குச் சிவகௌரி எழுதியது: "அக்கா, உந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை ஆர் பாக்கிறது? எங்கட சனத்துக்கு உது விளங்காது. வேற ஒண்டு போடுவம்." அதன் கீழே, அதை ஆமோதித்து வரிசையாகப் பெருவிரல் குறிகள்.

சூடேறிய தூசின் மணம்... பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்திலிருந்து எழுந்த அந்த மணம் இன்றும் என் மூக்கில் நிற்கிறது.

இந்நாட்டுக்கு வந்த புதிதில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வீட்டின் மேல்மாடி. ஓர் அறையில் நானும் என் கணவரும் அவருடைய தங்கை தவமணியும் இருந்தோம். நடுவே ஒரு சேலையைத் தொங்கவிட்டால் அது இரண்டு அறை. சேலையை விலக்கினால் விருந்தினர் கூடம்.

விடியலில் அலுவலகங்களைத் துப்புரவு செய்துவிட்டு நானும் தவமணியும் மதியம் திரும்புவோம். அந்நேரம் தொலைக்காட்சியில் ஓடியவை இந்தப் படங்கள்தாம். ஆனால் ஒலியைக் கூட்ட இயலாது. பக்கத்து அறையில் குடியிருந்த யோகண்ணை பகலில்தான் உறங்குவார். வாகனங்களுக்கு எரிபொருள் நிரப்பும் பெற்றோல் செட்டில் அவருக்கு இரவு ஷிப்ட். இடையில் இருந்த சுவரோ அட்டை போன்றது.

ஆகவே ஒலியே இல்லாமல் பார்த்தோம். ஒலி இருந்திருந்தாலும் எங்கள் ஆங்கிலம் அப்போது 'சொரி', 'தாங்க்யூ' வரைதான்.

படம் எடுத்தவர்களிடமும் காசு இல்லை என்பது எங்களுக்கு உடனே விளங்கியது. வழக்கறிஞரின் அறையில் கிடந்த அதே சாய்கதிரை இறந்தவர் வீட்டிலும் கிடக்கும். விளக்கை இடம் மாற்றி, ஒரு திரைச்சீலையை இழுத்துவிட்டால் வேறு வீடு. எங்கள் சேலையைப் போலத்தான்.

சுவர் எழுப்ப வசதியில்லாத இடத்தில் இருளை எழுப்பினார்கள். அதற்குள் ஒரு தொப்பி அசைந்தால் போதும்... ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொள்வோம்.

வசனம் கேட்காததால், கைகளைப் பார்த்தே கொலைகாரனைத் தீர்மானிப்போம்.

"மச்சாள், உவன்தான். கையுறையைக் கழட்டுறானில்லை, பாருங்கோ" என்பாள் தவமணி.

"விசர்க்கதை கதையாதை. அவனுக்குக் குளிர். எனக்குச் செத்தவன்ர பெண்சாதியிலதான் சந்தேகம்."

"வடிவா உடுத்தின எல்லாரிலயும் உங்களுக்குச் சந்தேகம்."

ஒருநாள், கடைசிக் காட்சி. துப்பறிபவர் எல்லாரையும் ஒரே அறையில் இருத்தி விளக்கிக்கொண்டிருந்தார். வாய் மட்டும் அசைந்தது. எங்கள் கிசுகிசுப்பு சண்டையாக முற்றியதும், யோகண்ணை எழும்பிவிடுவாரே என்று பயந்து பெட்டியை நிறுத்தினேன்.

சுவரில் தட்டும் ஓசை கேட்டது. ஏச்சு விழப்போகிறது என்றே இருவரும் நினைத்தோம்.

"பிள்ளையள், நிப்பாட்டாதேங்கோ. ஆர் கொலை செய்தது எண்டு தெரியாமல் நான் என்னெண்டு நித்திரை கொள்ளுறது?"

மனிதர் அத்தனை காலமும் எங்கள் கிசுகிசுப்பைக் கேட்டே படம் பார்த்திருக்கிறார். மறுநாள் தொடக்கம் போர்வையோடு எங்கள் அறை வாசலில் வந்து அமர்ந்தார். இனி ஒலியைக் கூட்டலாமே என்றேன். "வேண்டாம், உங்கட கதைதான் திறம்" என்றார்.

ஆகவே சிவகௌரி, எங்கள் சனத்துக்கு விளங்காது என்று இன்னொரு முறை எழுதாதீர்கள். மொழியும் ஒலியும் இன்றி எங்களுக்கு விளங்கிய படங்கள் அவை. பின்னர் நூலகத்தில் அமர்ந்து நானாகவே ஆங்கிலம் கற்று, அதே படங்களை ஒலியோடும் பார்த்தேன். வசனங்கள் சுமார்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்த இருளும் அந்தக் கைகளும் சற்றும் மங்கவில்லை.

இன்று என் வீட்டில் பெரிய திரை இருக்கிறது. ஆனால் ஆளுக்கொரு ஹெட்போன், ஆளுக்கொரு போன்... கொலைகாரன் யார் என்று எவரும் எவரோடும் சண்டை பிடிப்பதில்லை.

படத்தை மாற்ற மாட்டேன். அத்துடன், கடைசிக் காட்சியில் ஒலியை நிறுத்தப் போகிறேன். கொலைகாரன் யார் என்று மண்டபம் சொல்லட்டும்.

யோகண்ணை மோர்டனிலிருந்து வருகிறார். தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தவமணியையும் கூட்டிக்கொண்டு வா பிள்ளை. அவ பக்கத்தில இருந்து கதைக்காட்டி எனக்குப் படம் விளங்காது."

கதிரைகள் அடுக்க வேண்டும். வருகிறீர்களா இல்லையா என்று இன்றே பதில் எழுதுங்கள்.