இத்தாலியில் கேட்ட துக்கம்

விராலிமலையில் என் தையல் கடைக்கு வருகிறவர்கள் ஜாக்கெட் அளவு கொடுக்கும் முன் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "இத்தாலி எப்படிங்க இருந்துச்சு?" நல்லா இருந்துச்சுங்க என்று சொல்லிவிட்டு இஞ்சு டேப்பைக் கையில் எடுத்துவிடுகிறேன். வேறென்ன சொல்ல? லீவுக்குப் போன இடத்தில் முகம் தெரியாத ஒரு பெரியவரின் சாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தோம் என்றால் சிரிப்பார்கள். எனக்கே அது முழுசாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

என் தங்கச்சி கல்யாணம் முடிந்து இத்தாலிக்குப் போனவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்தபோது அவள் நிறைமாதம். பிள்ளைத்தாச்சியிடம் சாவுச் செய்தி சொல்லக்கூடாது என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து அடித்துச் சொல்லிவிட்டார்கள். குழந்தை பிறந்த பிறகுதான் போனில் சொன்னோம். அதற்கப்புறம் அவளுக்கு ஊருக்கு வர வாய்க்கவில்லை. இந்தக் கோடை விடுமுறைக்கு அம்மாவுக்கும் எனக்கும் அவளே டிக்கெட் போட்டாள்.

எங்கள் பக்கத்தில், ஒரு சாவுக்குப் பிறகு முதல்முறை பார்க்கிற பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். அதன் பிறகுதான் மற்ற பேச்செல்லாம். விமானத்தில் அம்மா வழி நெடுக அதற்குத்தான் தயாராக உட்கார்ந்திருந்தாள். தங்கச்சியோ ஏர்போர்ட்டில் பூங்கொத்தும் கையுமாகப் பல் தெரியச் சிரித்தாள். "வாங்கம்மா! மொதல்ல ஒரு செல்ஃபி எடுப்போம்." அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

தங்கச்சி வீட்டுக்காரர் எங்கள் மூன்று பேரையும் குழந்தையையும் ஒரு மலைக் கிராமத்தில், வாடகைக்கு எடுத்த வீட்டில் இறக்கிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். சுற்றிலும் திராட்சைத் தோட்டம். மத்தியானம் ஆனால் தெருவில் அத்தனை கதவும் சாத்திக்கொள்ளும். "என்னடி ஊரு இது, ஈ காக்காயக் காணோம்" என்றாள் அம்மா.

முதல் நாளே தங்கச்சி என்னை அடுப்படியில் மடக்கினாள். "அக்கா, அப்பா கடைசியில என்னையக் கேட்டாராக்கா? சின்னவ எங்கன்னு கேட்டாரா? போன்ல கேட்டா அம்மா பேச்ச மாத்துது."

எனக்கு எப்படித் தெரியும்? நான் கடையில் இருந்தேன். அப்பா பக்கத்தில் அப்போது இருந்தது அம்மா மட்டும்தான்.

"நேராக் கேக்க வேண்டியதுதானே?"

"பயமா இருக்குக்கா. ஆமான்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"அப்பறம் ஏன்டி ஏர்போர்ட்ல இளிச்சுக்கிட்டு நின்ன?"

"அம்மாவ அழ வச்சுறக் கூடாதுன்னுதான்."

தலையில் அடித்துக்கொண்டேன். அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. தங்கச்சி ஆசையாகப் போட்ட காப்பியைத் தொடவேயில்லை. அப்பா போனதிலிருந்தே அவள் காப்பி குடிப்பதில்லை. கேட்டால் நெஞ்சு கரிக்கிறது என்பாள். தன் மேல் உள்ள கோபம் என்று தங்கச்சி எடுத்துக்கொண்டாள். யாருக்கு யார் மேல் கோபம், எதற்குக் கோபம் என்று ஒன்றும் விளங்காமல் நான் நடுவில் கிடந்து முழித்தேன்.

ஒரு நாள் காலையில் ரொட்டி வாங்கப் போனபோது சுவரில் ஒரு போஸ்டர். பெரியவர் ஒருவரின் படம், சிலுவை, சுற்றிக் கறுப்புக் கட்டம். நம்மூர்க் கண்ணீர் அஞ்சலி போஸ்டரேதான், கீழே பேரன் பேத்திகளின் போட்டோ மட்டும் இல்லை. கூட வந்த தங்கச்சி அதைப் படித்துவிட்டு, நாங்கள் தங்கியிருந்த தெருவின் கோடி வீட்டுக்காரர்தான் என்றாள்.

"தங்கியிருக்கிற தெருவுல துக்கம். கேக்காம எப்படி இருக்கிறது?" அம்மா கிளம்பிவிட்டாள்.

"இங்கெல்லாம் அப்படிப் போகக் கூடாதும்மா. அவங்க யாருன்னே நமக்குத் தெரியாது."

"தெரியாட்டி என்ன? தெரிஞ்சாத்தான் துக்கம் கேக்கணுமா?"

வேலியோரம் அரளி பூத்துக் கிடந்தது. அங்கேயும் அரளி! அம்மா ஒரு கை பறித்து, தங்கச்சி பல் இடுக்கில் போடுகிற நூலைப் பிடுங்கி, மளமளவென்று மாலை கட்டினாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும், வேண்டாம் வேண்டாம் என்றபடி தங்கச்சியும் பின்னால் ஓடினோம்.

வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தி எங்களைப் பார்த்தார்கள். உள்ளே சவப்பெட்டி; பக்கத்து நாற்காலியில் கறுப்பு உடுப்பில் அந்த அம்மாள், பெரியவரின் மனைவி. அம்மா மாலையைக் கால்மாட்டில் வைத்தாள். அந்த அம்மாள் கை குலுக்கக் கை நீட்ட, அம்மா அப்படியே கட்டிக்கொண்டு ஓவென்று குரலெடுத்துவிட்டாள். கூட்டமே மிரண்டுபோனது. யாரிந்தப் பெண்கள், நம் வீட்டு மனுஷனை இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கட்டாயம் யோசித்திருப்பார்கள். எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

தங்கச்சி இத்தாலிய மொழியில் ஏதோ மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். பாதியில் வாய் கோணியது. "அப்பா" என்றாள். அவ்வளவுதான். அம்மா அந்த அம்மாளை விட்டுவிட்டு இவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இருவரும் தரையில் உட்கார்ந்து அழுதார்கள்.

"என்னையக் கேட்டாராம்மா?"

"கேக்கலடி. ஒன்னையும் கேக்கல, ஒங்கக்காவையும் கேக்கல. காப்பி கேட்டாரு."

"காப்பியா?"

"சீனி தூக்கலாப் போட்டுக் கொண்டான்னாரு. சுகர் இருக்கு, வாய மூடுங்கன்னு வஞ்சேன்டி. சீனி போடாமத்தான் கொண்டுக்கிட்டு வந்தேன். டம்ளரு கையில இருக்கு, அவரு இல்ல. ஒரு கரண்டி சீனி, அதப் போடல பாவி நானு."

இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருந்த எனக்கே இது தெரியாது. தங்கச்சி எழுந்து உட்கார்ந்து, அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் துடைத்தாள். "சக்கரைக்காரருக்குச் சீனி போட மாட்டேன்னது குத்தமாம்மா? நானா இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்." திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். தலைக்கு மேலே அந்த அம்மாள் என்ன ஏதென்று தெரியாமலே அம்மாவின் தோளைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் தங்கச்சி காப்பி போட்டாள். அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்று, "எனக்கும் ஒரு வாய் போடு" என்றாள். தங்கச்சி சீனி டப்பாவை எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"போடு போடு. தூக்கலாவே போடு" என்றாள் அம்மா.