கழுத்தில் இருந்த எட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. விரல் நீளக் காகிதத் துண்டு. அதன்மேல் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்த சாம்பல் திட்டு. திட்டின் நடுவில் வெள்ளையாகத் தெரியும் எண்கள்.

அனுப்பியவர் சாந்தோமில் இருக்கும் மேரி அண்ணி. என் நண்பன் ஆரோக்கியத்தின் அண்ணன் மனைவி. முப்பது வருஷமாக எனக்கும் அண்ணிதான். கூடவே ஒரு குரல் செய்தி: "தம்பி, வேளச்சேரிக்கு பொண்ணு வூட்டுக்குப் போறேன்ல, பழசெல்லாம் கழிச்சிகினு இருக்கேன். இது அவரு ஜெபப் புஸ்தகத்துக்குள்ள இருந்துச்சு. பென்சில் வேலைன்னா உன் வேலைதானே. வேணுமா, குப்பைல போட்டுடவா?"

படத்துக்கு வாசனை கிடையாது. ஆனாலும் எனக்குப் பழைய பெட்ரோல் அடித்தது. மாதக்கணக்கில் டாங்கில் கிடந்து கெட்டுப்போன பெட்ரோலின் புளித்த வார்னிஷ் வாசனை. படத்தைப் பெரிதாக்கிக் கடைசி இலக்கத்தைப் பார்த்தேன். எட்டு. அலமாரியிலிருந்து பழைய நாட்குறிப்பை எடுத்துப் புரட்டினேன். அதில் என் கையெழுத்தில், அடிக்கோடிட்டு, மூன்று.

காப்பி ஆறிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

வண்டிக்குப் பெயர் மாற்ற வேண்டுமானால் படிவத்தில் சேசிஸ் எண்ணின் பென்சில் பிரிண்டை ஒட்ட வேண்டும் என்பது அந்தக் காலத்து நடைமுறை. சேசிஸ் எண் மோட்டார் சைக்கிளின் கழுத்தில், அதாவது ஹேண்டில்பாரைத் தாங்கும் குழாயில், உளியடித்துப் பதித்திருக்கும். அதன்மேல் தாளை வைத்துத் தேய்த்தால் எண் தாளில் இறங்கிவிடும். புரோக்கர்கள் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் தாளைக் கிழித்துக் கட்டைவிரலால் அழுத்தி ஒப்பேற்றுவார்கள். நான் டிரேசிங் தாள் கொண்டுபோவேன். பென்சிலை இரண்டு பக்கமும் சீவி வைத்திருப்பேன். சிரிக்காதீர்கள், அப்போது எனக்கு இருபத்தாறு வயது, தி.நகரில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. சொந்தமாக என்னிடம் இருந்தது ஒரு சைக்கிள்.

இருந்தும் பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். எது சரிசெய்யத் தகுந்தது, எது தகாதது என்று சொல்வதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. துருவைக் கண்டு நான் பயந்ததில்லை. புதுப் பெயிண்ட்டைக் கண்டால்தான் பயம். டாங்கின்மேல் ஒரு சின்னக் காந்தத்தை நகர்த்துவேன். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் உள்ளே இருப்பது தகரம் அல்ல, ஓட்டையை அடைத்த பட்டிப் பூச்சு. கிக்கரைக் கையால் அழுத்தி எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். கடைசியாகக் கழுத்துக்கு வருவேன். எஞ்சினை மாற்றலாம், சக்கரத்தை மாற்றலாம். கழுத்தில் வெல்டிங் தெரிந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

சிந்தாதிரிப்பேட்டையில் தாஸ் என்று ஒரு புரோக்கர். நான் தெருமுனை திரும்பும்போதே கூவுவார்: "வந்துட்டாருப்பா டாக்டரு! இன்னா நைனா, இன்னிக்கி எந்த வண்டிக்குக் கழுத்து சுளுக்கு?"

நானும் ஆரோக்கியமும் தாஸிடம் போனது வண்டி வாங்க அல்ல. ஒரே ஒரு வண்டியைத் தேடித்தான்.

அது அவன் அண்ணன் ஸ்டீபனுடைய வண்டி. மெரூன் டாங்க், இரண்டு பக்கமும் சைலன்சர். மேரி அண்ணியைக் கல்யாணத்தன்று கோயிலிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்ததே அதில்தான் என்பார்கள். ஸ்டீபன் அண்ணன் படுத்த படுக்கையாக ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் ஆரோக்கியம் அதை ஓட்டினான். ஒருநாள் மாலை ஜெபக்கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஹேண்டில் பூட்டைப் போடாமல் உள்ளே ஓடினான். வெளியே வந்தபோது வண்டி இல்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணன் தினமும் கேட்பார். நான் பக்கத்தில் இருந்தே கேட்டிருக்கிறேன்.

"வண்டி இன்னாடா ஆச்சு? சும்மா நிறுத்தி வெச்சிக்கினு கீறியா?"

"இல்லண்ணே. டெய்லி காலையில ஒரு கிக் அடிச்சி ஸ்டார்ட் பண்ணி வெக்கிறேன்."

"ஒரு நாளு உடாத. உட்டா டாங்க்ல பெட்ரோல் கெட்டுப்பூடும்."

"உட மாட்டேண்ணே."

கடைசி வாரம்வரை இந்தப் பேச்சு நடந்தது. அவர் அந்தப் பதிலோடுதான் போனார். அடக்கம் முடிந்து வரும்போது ஆரோக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வண்டிய கண்டுபுடிச்சே ஆவணும்டா" என்றான். அவனுக்கு ஓட்ட ஒரு வண்டி தேவைப்பட்டதில்லை. ஒரு பொய்யைத் திருத்தவேண்டியிருந்தது.

தேடுவதற்கு எண் வேண்டும். ஆர்.சி. புத்தகம் வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியிலேயே போய்விட்டது. வீட்டில் மிஞ்சியது இன்ஷூரன்ஸ் தாளின் கார்பன் நகல் மட்டும், அதுவும் அடியில் இருந்த மூன்றாவது தாள். மங்கலான நீலத்தில் கடைசி நான்கு இலக்கங்கள்: நான்கு, ஏழு, ஒன்று, அப்புறம் இடப்பக்கம் திறந்த இரண்டு வளைவுகள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்று என்று என் நாட்குறிப்பில் எழுதினேன். சந்தேகம் கொஞ்சம் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது. ஒரு கேள்விக்குறியைப் போட்டுக் கெடுக்க மனம் வரவில்லை.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்திருக்கலாம். தெளிவான எண் கையில் இருக்கும்போது எதற்கு என்று நினைத்துவிட்டேன். போலீஸ் புகாரில் அதையே எழுதினோம். தாஸிடம் அதையே கொடுத்தோம். நாலு வருஷம் அதையே கையில் வைத்துக்கொண்டு அலைந்தோம்.

கோபாலபுரத்துக்குப் போனது ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு. தாஸ்தான் சொல்லியனுப்பினார். வேப்பமரம் வைத்த பழைய பங்களா. போர்ட்டிகோவில் ஒரு படுதா. வீட்டுக்காரர் அறுபதைத் தாண்டிய பெரியவர். அவரே படுதாவை நீக்கினார்.

மெரூன் இல்லை, கறுப்பு. நம்பர் பிளேட் வேறு. அதெல்லாம் பெரிதில்லை; பெயிண்டும் தகரமும் ஒரு நாள் வேலை. காந்தத்தை வைத்தேன். டாங்க் முழுக்க ஒட்டியது. கழுத்தில் ஒரு கீறல் இல்லை. நான் பார்த்தவற்றிலேயே எதையும் பிரிக்காமல் அப்படியே சரிசெய்யத் தகுந்த வண்டி அது ஒன்றுதான்.

"மாப்பிள்ளை வாங்கினார், மூணு வருஷமாறது. வெளிநாடு போயிட்டார். எனக்கு ஓட்டத் தெரியாது," என்றார் பெரியவர். "ஆனா தினம் கார்த்தால ஒரு தரம் உதைச்சு ஸ்டார்ட் பண்ணிடுவேன். ஒரு நாள் விட்டதில்ல. ஆத்துல எல்லாரும் கேலி பண்ணுவா."

ஆரோக்கியம் கேட்காமலே ஏறி உட்கார்ந்தான். மூன்றாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். என் பக்கம் குனிந்து, பெரியவருக்குக் கேட்காமல் சொன்னான்:

"இதான்டா. சீட்டுல உக்காந்தா தெரியுது."

நான் தாளை எடுத்துக் கழுத்தில் வைத்தேன். பெரியவரின் குரல் சட்டென்று இறுகியது.

"என்ன பண்ணிண்டிருக்கேள்? திருட்டு வண்டியான்னு பாக்கறேளா? புஸ்தகம் இருக்கு, கொண்டுவந்து காட்டட்டுமா?"

"இல்ல சார், பெயர் மாத்தறதுக்கு," என்றேன். பென்சில் முனை ஒருமுறை உடைந்தது, மறுமுனையால் தேய்த்தேன். மற்ற இலக்கங்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன, எல்லாம் எங்கள் எண்ணில் இருந்தவை. ஆரோக்கியம் என் தோளுக்குமேல் குனிந்திருந்தான். அவன் மூச்சு என் காதில் பட்டது. நான்கு. ஏழு. ஒன்று.

எட்டு.

பக்கத்தில் நாட்குறிப்பை விரித்து வைத்தேன். மூன்று முறை ஒப்பிட்டேன். அப்புறம் ஒரு நிபுணனின் நிதானத்தோடு சொன்னேன், அந்த நிதானத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது: "இல்லடா. நம்மளது மூணு. இது எட்டு. ஒரே சமயத்துல கம்பெனியிலேர்ந்து வந்திருக்கும். அஞ்சு வண்டி தள்ளிப் பொறந்தது."

"நல்லா பாருடா."

"நம்பர் பொய் சொல்லாதுடா."

தெருவுக்கு வந்ததும், "வண்டி நல்லா இருக்கு, வாங்கிப் போடு" என்றேன். அவன் தலையை ஆட்டினான். "வேற யார் வண்டியோ எனக்கு எதுக்கு?" அதற்கப்புறம் அவன் தேடவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தாஸ் சொன்னார், அந்த வண்டியை வெளியூர்க்காரர் ஒருவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டாராம்.

அன்று எடுத்த பிரிண்டை நாட்குறிப்பில் அந்தப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தேன். போன ஞாயிறு அதன் பக்கத்தில் கைபேசியை வைத்துப் பார்த்தேன். ஸ்டீபன் அண்ணன் வண்டி வாங்கியபோது எடுத்து வைத்த துண்டும், கோபாலபுரத்தில் நான் எடுத்த துண்டும். ஏழின் கால் இரண்டிலும் ஒரே மாதிரி வளைந்திருந்தது.

நேராக சாந்தோமுக்குப் போக தைரியம் வரவில்லை. கோபாலபுரம் போனேன். பங்களாவும் இல்லை, வேப்பமரமும் இல்லை. நான்கு மாடி, கீழே தூண்களுக்கு நடுவே கார்கள். காவலாளியிடம் என்ன கேட்பது என்றே தெரியாமல் திரும்பினேன்.

பதினொன்று பத்துக்குத்தான் சாந்தோம், அண்ணியும் ஆரோக்கியமும் இருக்கும் வீடு. பாதி கட்டிய அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஆரோக்கியம் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்து குரல் கட்டிப்போன மனிதன். அண்ணி எனக்கென்று எடுத்துவைத்திருந்த துண்டை வாங்கி, நாட்குறிப்பைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். கார்பன் நகலைப் பற்றிச் சொன்னேன். போடாமல் விட்ட கேள்விக்குறியையும் சொன்னேன். நான் பேசி முடித்தும் அவன் தலை நிமிரவில்லை.

"அன்னிக்கி நான் இன்னா சொன்னேன்?"

"சீட்டுல உக்காந்தா தெரியுதுன்னு சொன்ன."

"நீ இன்னா சொன்ன?"

"நம்பர் பொய் சொல்லாதுன்னேன்."

உள்ளேயிருந்து அண்ணி, "இன்னாடா ரெண்டு பேரும், சத்தத்தையே காணோம்? சண்டையா?" என்றார். என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"அந்தப் பெரியவரு," என்றான் மெதுவாக. "டெய்லி ஸ்டார்ட் பண்ணுவேன்னு சொன்னாருல்ல?"

"சொன்னார்."

"ஒரு நாளு உட்டதில்லன்னாருல்ல?"

"ஆமாம்."

"அப்போ," என்று அந்தத் துண்டை எடுத்து அண்ணனின் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தான். "அண்ணன்கிட்ட நான் சொன்னது பொய் இல்ல. எவனோ ஒருத்தன் டெய்லி ஸ்டார்ட் பண்ணிக்கினுதான் இருந்துகிறான்."

நாட்குறிப்பு திறந்தே இருந்தது. மாப்பிள்ளை வாங்கி மூன்று வருஷம் என்று பெரியவர் சொன்னதை அன்றே எழுதியிருந்தேன். ஸ்டீபன் அண்ணன் போய் அப்போது நாலு வருஷம். அவர் ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டிருந்த மாதங்களில் வண்டி எங்கே, யார் கையில், ஓடியதா கிடந்ததா, யாருக்கும் தெரியாது. கணக்கில் ஒரு வருஷம் உதைத்தது. என் விரல் அந்த வரியின்மேலேயே இருந்தது.

நாட்குறிப்பை மூடினேன்.

பென்சில் பிரிண்ட் எடுக்கிறவர்களை இப்போது நான் பார்ப்பதில்லை. கைபேசியில் படம் பிடித்துக்கொள்கிறார்கள். தாஸின் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அந்த வண்டி இந்நேரம் எந்த ஊரில் துருவாகிக் கொட்டியதோ. அண்ணி அடுத்த வாரம் ஜெபப் புத்தகத்தோடு வேளச்சேரிக்குப் போய்விடுவார். அன்று இரவு வழக்கம்போல எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதினேன்: ஏழு நாற்பது, பதினொன்று பத்து, எட்டு, மூன்று. அந்த ஒரு வருஷத்தை மட்டும் எழுதவில்லை.