வில்லன் தொட்டுக் கும்பிட்ட காட்சி

அந்தப் பேஸ்பால் படத்தைப் பற்றி இணையத்தில் யாரோ ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். எதிரணி ஆட்டக்காரன் சறுக்கி விழுந்ததும் கண்ணில் விழுந்த புழுதியைத் துடைக்கிறானாம், எவ்வளவு இயல்பான நடிப்பாம். புழுதியாவது மண்ணாங்கட்டியாவது. அந்த ஆட்டக்காரன் என் அண்ணன். அவனுக்கு நடிப்பு சுட்டுப்போட்டாலும் வராது.

அமெரிக்கச் சிற்றூரில் நடக்கும் குடும்ப நகைச்சுவைப் படம் அது. எடுத்தது மலேசியாவில், எங்கள் ஊரான லாபிஸில், ஒரு பள்ளித் திடலில். சுற்றியிருந்த செம்பனை மரங்களைத் துணி கட்டி மறைத்தார்கள். எங்கள் செம்மண் மட்டும் அமெரிக்க மண்ணாகத் தேறிவிட்டது. அண்ணன் பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியவன், வேகமாக ஓடுவான். அதனால் அவனை எடுத்துக்கொண்டார்கள். ஓடிவந்து சறுக்கி, பந்தோடு காத்திருக்கும் கதாநாயகனைக் காலால் இடறிவிட்டு முறைக்க வேண்டும். சரியாகச் செய்தால் முகம் திரை முழுக்க வரும் என்றார்கள். அவன் அதற்குள் பக்கத்து ஊர் சாஆ வரைக்கும் தம்பட்டம் அடித்துவிட்டான். கூடப் போன எனக்கு அவன் செருப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

முதல் தடவை நன்றாகத்தான் சறுக்கினான். கால் கதாநாயகன் மேல் பட்டது. உடனே அவர் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எங்கள் வீட்டில் பழைய பேப்பரை மிதித்தாலே அப்படித்தான். கதாநாயகன் மிரண்டுபோனார். துணை இயக்குநர் மலாய்க்காரர், பொறுமைசாலி. நீ கெட்டவன், கெட்டவன் மன்னிப்புக் கேட்க மாட்டான் என்று மலாயில் விளக்கினார். அண்ணன் தலையாட்டினான். திரும்ப ஓடினான், திரும்பச் சறுக்கினான், திரும்ப ஒற்றிக்கொண்டான். வெயில் ஏற ஏற இயக்குநரின் முகமும் செம்மண் நிறத்துக்கு வந்தது.

தண்ணீர் கொடுக்கப் போனபோது, கையைக் கொஞ்சம் அடக்கி வைக்கச் சொன்னேன்.

"கை தானா போவுது. என்னைய என்னா செய்ய சொல்ற? வயசுல மூத்தவரு லா" என்றான்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

கடைசியில் முறைக்கும் முகத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் சறுக்கியதைப் பின்னாலிருந்து எடுத்த துண்டு மட்டும் போதுமாம். வீடு வரும்வரை அவனுக்கு, ஊருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை. எனக்குப் பாவமாக இருந்தது.

படம் குளுவாங் நகரத்தில் ஓடியபோது, வரவே மாட்டேன் என்றவனை இழுத்துக்கொண்டு போனேன். எல்லா இனத்தாரும் நிறைந்த அரங்கு. அந்த இடம் வந்தது. ஒரு முதுகு, அதில் ஓர் எண், நிறையப் புழுதி. புழுதிக்குள் ஒரு கை கதாநாயகனின் முழங்காலைத் தொட்டுவிட்டு மேலே போனது. மற்றவர்கள் சோளப்பொரி மென்றுகொண்டிருந்தார்கள். பின்வரிசையில் முன்பின் தெரியாத ஓர் அம்மா மட்டும் கணவரிடம் சொன்னார்.

"அட, அது நம்ம புள்ளைதாங்க."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். என்ன ஆச்சு என்று கேட்டேன்.

புழுதியாம்.