சண்முகத்தாயின் படி வைத்தியம்

நிற்கிற பஸ்ஸின் முதல் படியில், பஸ் ஏறப் பயப்படுகிற ஆளை ஒரு காலை மட்டும் வைக்கச் சொல்லிவிட்டு, சண்முகத்தாய் பக்கத்திலேயே திராட்சை நிறுக்கத் தொடங்கிவிடுவாள். "நெஞ்சு அடிக்குதா? அடிக்கட்டும். தானா அடங்குற வரைக்கும் கால எடுக்காதீக." அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் இரண்டு கால். அப்புறம் சீட்டு. அப்புறம் உறுமுகிற பஸ். கடைசியில்தான் குமுளி மலை.

கம்பம் பஸ் நிலையத்தில் ஜன்னல் ஜன்னலாகப் பன்னீர் திராட்சை விற்கிறவள். முன்பு ஒருமுறை மலை வளைவில் பிரேக் போன பஸ் பாறையில் முட்டி நின்றது. உள்ளே இருந்த இவளுக்குக் காயமில்லை. ஆனால் அதன்பிறகு பஸ்ஸில் கால் வைக்க முடியவில்லை. மாட்டுவண்டியில் தேனிக்குப் போய், அங்கிருந்து ரயிலேறி மதுரையில் ஒரு மனநல டாக்டரைப் பார்த்தாள். அவர் சொல்லிக்கொடுத்து, இவளுக்குப் பயம் தெளிந்த வரிசைதான் இது. அந்த வண்டிக்காரரையே பிறகு கட்டிக்கொண்டாள் என்பது தனிக்கதை.

இப்போது மலைக்கு நடுங்குகிறவர்கள் எல்லாம் இவளைத் தேடி வருகிறார்கள். வைத்தியத்துக்குக் காசு கிடையாது. திராட்சை வாங்காமல் போனால் மட்டும் முறைப்பாள்.

கண்டக்டர் அழகுமலைக்கு இதில் நம்பிக்கையே இல்லை. "வரிசையாவது வெங்காயமாவது! நீ பக்கத்துல நிக்கிற, அந்தத் தெம்புல ஏறுறாக. நீ நின்னா யானை மேலகூட ஏறுவாக."

"நீயுந்தான் தெனம் படியிலயே நிக்கிற. ஒன்னயப் பாத்து எவருக்காச்சும் பயம் தெளிஞ்சிருக்கா? எல்லாம் டாக்டரு சொன்ன மொறதான்யா. நான் யாரு?"

போன வாரம் அய்யம்மாள். குமுளியில் மகளுக்குத் தலைப்பிரசவம். அலையக்கூடாதென்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதால் மகளைக் கீழே அழைத்துவர வழியில்லை. தாய்தான் போகவேண்டும். வரிசையெல்லாம் முடிந்து மலை மட்டும் பாக்கி. பஸ்ஸுக்குள் உட்கார்ந்தவள், சண்முகத்தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் வா மதினி."

"வரமாட்டேன். இன்னைக்கு நான் வந்தா, நாளைக்குப் பேரனத் தூக்கிட்டு எறங்கையில ஒங்கூட எவ வருவா? கம்பியப் பிடி."

விரல் விரலாகப் பிரித்து முந்தானையை விடுவித்துக்கொண்டு இறங்கினாள்.

"அடுத்த ஸ்டாப்புல எறங்கிரும், பாரு" என்றான் அழகுமலை.

பஸ் நகர்ந்தது. அய்யம்மாள் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. திராட்சைக் கூடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அந்த ஜன்னலுக்குக் கீழே தகரத்தில் உள்ளங்கையை வைத்தபடி சண்முகத்தாய் கூடவே நடந்தாள்.

படியில் தொங்கிய அழகுமலை கத்தினான்: "ஏத்தா, இது டாக்டரு சொன்னதுல எத்தனாவது படி?"

வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். பஸ், நிலைய வாசலைத் தாண்டித் திரும்பியது. அய்யம்மாள் இறங்கவில்லை. சண்முகத்தாய், தூசி இருக்கிறதா என்று பார்க்கத்தான் பஸ்ஸைத் தொட்டவள்போல, உள்ளங்கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.