பொட்டு வைத்த அலாய் வீல்

என் வீட்டுக்காரருக்கு ஜீப் என்றால் பைத்தியம். தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றத்தான் வாங்கினார். வாங்கிய பிறகு உரமூட்டை டிராக்டரில் போனது, ஜீப் கழுவித் துடைத்து நிழலில் நின்றது. அதன் இரும்புச் சக்கரங்கள் மட்டும் அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தன. ஒருநாள் திண்டுக்கல்லில் பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடையிலிருந்து, வேறொரு பெரிய காரில் கழற்றிய அலாய் வீல்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். போல்ட் ஓட்டையெல்லாம் அச்சாகப் பொருந்துகிறதாம். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பூரிப்பை, மகளுக்கு மாப்பிள்ளை அமைந்த அன்றுகூட நான் பார்க்கவில்லை.

மாட்டிக்கொடுத்த டயர் கடைக்காரர் எச்சரித்துத்தான் அனுப்பியிருக்கிறார். நடு ஓட்டை ஜீப்புக்கு வேண்டியதைவிடப் பெரிது, பாரமெல்லாம் நட்டுகள் மேல்தான் விழும், பழைய நட்டுகளோ இதில் சரியாக உட்காரவில்லை. வேறு நட்டு வாங்குங்கள், அதுவரை கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து திரும்ப இறுக்கிக்கொள்ளுங்கள் என்றாராம். இதை இவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், அந்த மனிதருக்கு ஏதோ பயந்த சுபாவம் என்பதுபோல.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாமியார் ஜீப்புக்குப் பூசை போட்டார். எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு, ஒவ்வொரு நட்டிலும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை கீரனூரில், மாப்பிள்ளை வீட்டில், என் மகளுக்கு வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்கு எங்கள் ஊர் எரியோட்டுக்கு அழைத்து வர வேண்டும். இந்த ஜீப்பில்தான் அழைத்து வருவேன் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். சரி, நட்டையாவது இறுக்கிக்கொண்டு வாருங்கள் என்றேன். ஸ்பேனர் போட்டால் பொட்டு அழியும், பிள்ளைத்தாச்சி ஏறப்போகிற வண்டியில் பொட்டை அழிப்பதாவது என்று மாமியார் பதறினார். இவருக்கு அது நல்ல சாக்காகப் போயிற்று. பாப்பாவைக் கூட்டி வந்த பிறகு இறுக்கிக்கொள்கிறேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொட்டா சக்கரத்தைப் பிடிக்கப் போகிறது என்று கேட்டேன். வீடே என்னைப் பாவியைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

வளைகாப்பு நன்றாகவே நடந்தது. மாமியாரும் சொந்தங்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். சம்பந்தியம்மா ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பதனமாக் கூட்டிட்டுப் போங்க. எங்கூட்டு உசுரு ரெண்டு உங்க வண்டில வருதுங்க."

பின்சீட்டில், இடது பக்கம் தலையணை வைத்து மகளைச் சாய்த்து, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டி வேடசந்தூர் ரோட்டில் திரும்பியதும் சத்தம் கேட்டது. டக், டக் என்று. முதலில் அவள் வளையல்தான் என்று நினைத்தேன். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தேன். சத்தம் நிற்கவில்லை. இவரிடம் சொன்னால் டயரில் கல் மாட்டியிருக்கும் என்றார். வேகமாகப் போனபோது சத்தம் நின்றது. அப்போதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மகள் என் காதருகே குனிந்தாள்.

"அம்மா, எனக்குக் கீழ என்னமோ ஆடுது."

நிறுத்துங்கள் என்றேன். பிள்ளைத்தாச்சியோடு கிளம்பிய வண்டியை இடையில் நிறுத்தக்கூடாது என்று தன் ஆத்தா சொல்லியிருப்பதாகச் சொன்னார்.

"நிப்பாட்டுறீங்களா, நான் கதவத் தொறக்கவா?"

நிறுத்தினார். மகளை இறக்கி, தலையணையோடு ஒரு வேப்பமர நிழலில் உட்கார வைத்தேன். இவர் இடது பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். பொட்டுகூட உதிரவில்லை என்றார். சந்தனம் ஒவ்வொரு நட்டையும் சுற்றி வட்டமாக வெடித்திருந்ததைக் காட்டி, நட்டு அசைந்திருக்கிறது என்றேன். வெயிலுக்குக் காய்ந்திருக்கும் என்றார். அப்படியும் ஸ்பேனரை எடுத்தார். ஜீப்போடு வந்த ஸ்பேனர் அலாயின் குழிக்குள் நுழையவே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கோபமெல்லாம் என் மேல் திரும்பியது.

"அந்தா தெரியிற மில்லு வரைக்கும் தனியா ஓட்டிட்டு வாரேன். ஒண்ணும் ஆகலன்னா வாயப் பொத்திக்கிட்டு ஏறி உக்காரணும்."

போகாதீர்கள் என்று மகள் கெஞ்சினாள். கிளம்பிவிட்டார். வேண்டுமென்றே வேகமாகப் போனார். ரோட்டில் ஒரு ஈ காக்காய் இல்லை. ஜீப் சின்னதாகிக்கொண்டே போனது. திடீரென்று சக்கரம் ஒன்று தனியாக வண்டியை முந்திக்கொண்டு உருண்டது. ஜீப் இடது பக்கம் இறங்கி, ரோட்டைக் கீறிக்கொண்டு போய், ரோட்டோர ஓடைக்கரைக் கற்களில் மோதிச் சாய்ந்தது. இத்தனை நடந்தும் பெரிய சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. மகள் எழப் பார்த்தாள். தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

நல்லவேளை, மேல்பக்கக் கதவைத் திறந்து அவர் வெளியே வந்தார். வந்தவர் வண்டியைச் சுற்றி நடந்து, அடியில் நசுங்கிக் கிடந்த இடது பக்கத்தைப் பார்த்தார். மகள் சாய்ந்திருந்த பக்கத்துக் கதவு, கல் குத்தி சீட்டு வரைக்கும் உள்ளே மடங்கியிருந்ததை நான் பிறகுதான் பார்த்தேன். நெடுநேரம் அங்கேயே நின்றார்.

பிறகு நெற்றியில் ரத்தத்தோடு எங்களிடம் நடந்து வந்தார். மகளின் வயிற்றைப் பார்த்தார். அவள் காலடியில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். பாதித் தண்ணீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். மகள் அதை வாங்கினாள். ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, மறு கையால் பாட்டிலை அவர் வாயில் பிடித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.