அப்பா இல்லாத படம்

அந்தக் கறுப்புத் துணிக்குள் கற்பூர வாடையும் வியர்வை வாடையும் கலந்து அடித்தது. கடல் தாண்டி வந்து கோத்தா திங்கிப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து "லயத்தில்", கூலிகளின் வரிசை வீடுகளில், நாங்கள் குடியிருந்தபோது, துரை வரவழைத்த சீனப் படக்காரர் என்னைத் தூக்கிப்பிடித்து அந்தத் துணிக்குள் பார்க்கவிட்டார். படப்பெட்டியின் கண்ணாடியில் மரங்களும் அம்மாவும் தலைகீழாகத் தொங்கக் கண்டு நான் கூச்சலிட்டுச் சிரித்தேன்.

மனிதர் கெட்டிக்காரர்தான், அதை மறுக்கமாட்டேன். இரண்டு "நிரை" மரங்களும் தூரத்தில் போய் ஒன்றுசேரும்படி பெட்டியை வைத்து, ரப்பர்ப் பால் வாளியோடு அம்மாவை நடுவில் விடாமல் ஒரு பக்கமாக நிறுத்தி, அவள் காலடியில் என்னை உட்காரவைத்து, மறுபக்கத்தை வெறுமையாக விடப் பார்த்தார். அங்கேதான் அப்பா நின்றிருந்தார், குளிர்க்காய்ச்சலில் வயிறு வீங்கி, கண்கள் உள்ளே போய். படக்காரர் அவரை விலகச் சொல்லிக் கையை வீசினார்.

எங்கள் ஊர்க்காரனான கங்காணியிடம் அம்மா கெஞ்சினாள். "அவுங்களும் நிக்கட்டுங்க. ஊர்ல அவுங்க தம்பி பாக்கணும். இத விட்டா எப்ப எடுக்கப் போறோம்?"

"படம் லட்சணமா வர வேணாமா? இதக் காட்டித்தான் ஊர்ல ஆள் சேக்கணும். இந்த மூஞ்சியப் பாத்தா எவன் கப்பல் ஏறுவான்?" என்றான் கங்காணி.

அப்பா நகர்ந்து போனார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே இருக்கட்டும் என்று படக்காரர் சைகை காட்டினார்.

படத்தோடு ஊருக்குப் போன கங்காணி ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பியபோது, கூட்டத்தில் சித்தப்பாவும் வந்தார். அதற்குள் அப்பாவைப் புதைத்து ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது. சித்தப்பா அந்தப் படத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

"படத்துல அம்புட்டு நல்லா இருந்தீங்க, அண்ணி. அண்ணன் வேலைக்குப் போயிருக்கும்னுல்ல நெனச்சேன்" என்று சொல்லி வாசலிலேயே குந்திவிட்டார். அடுத்த வருடம் அதே காய்ச்சல் அவரையும் கொண்டுபோயிற்று. கங்காணியைவிட அந்தப் படத்தின் அழகின்மேல்தான் எனக்கு ஆத்திரம், இன்றும் ஆறவில்லை.

இப்போது அங்கே லயமும் இல்லை, ரப்பரும் இல்லை, எங்கும் எண்ணெய்க்காக நட்ட செம்பனை. படம் மட்டும் என் மகன் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் அதன்முன் நின்று, குழந்தையின் பார்வையும் அது பார்க்கும் வெறும் இடமும் எவ்வளவு அழகு என்கிறார்கள். அப்பாவுக்குச் சித்தப்பாவின் சாயல் என்று அம்மா சொல்லுவாள். இருவர் முகமும் எனக்கு நினைவில்லை.