தாடியில்லாதவன் வாங்கிய கத்தி

மெல்ச்சோர் கொல்கே பட்டிருந்த கடன் பன்னிரண்டு பெசோ. ஒரே ஒரு சவரக் கத்திக்கு.

அவனுக்கோ தாடி கிடையாது. அப்பனுக்கும் தாத்தனுக்கும் இருந்ததில்லை. இந்த மலைநாட்டுப் பூர்வகுடியான எங்கள் ஜனத்தின் தாடையில் வேர்வையைத் தவிர எதுவும் முளைக்காது. ஆனால் ஸ்பெயினிலிருந்து வந்த மாகாண அதிகாரி கடன் வாங்கிப் பதவியை விலைக்கு வாங்கியவர். போட்டதை எடுக்க வேண்டாமா? கப்பலில் வந்து விலைபோகாமல் கிடந்த சரக்கையெல்லாம் எங்கள் தலையில் கட்டினார். குருட்டுக் கிழவன் பாப்லீத்தோவுக்கு மூக்குக் கண்ணாடி. செருப்பே போடாத அவன் மருமகளுக்குப் பட்டுக் காலுறை. மெல்ச்சோருக்குக் கத்தி. வேண்டாம் என்று சொல்ல முடியாது, ராஜாங்க உத்தரவு. கடைத்தெருவில் அதே கத்தி ஒரு பெசோ! நானும் வியாபாரிதான். ஒற்றைக் கழுதையோடு தொடங்கி நாற்பது கோவேறு கழுதை சேர்த்தவன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் இப்படி ஒரு வியாபாரம் எனக்குத் தோன்றியதே இல்லை.

கடனைக் கட்டாவிட்டால் மெல்ச்சோர் மறுபடி வெள்ளிச் சுரங்கத்தில் இறங்கவேண்டும். போன தடவை இறங்கி வந்த இருமலே இன்னும் நிற்கவில்லை. இன்னொரு தடவை இறங்கினால் பிணமாகத்தான் ஏறுவான் என்று அவன் பெண்டாட்டி இசிதோராவுக்குத் தெரியும்.

அவள் சுரங்க ஊரான பொட்டோசியில் பன்றிக்கறி வறுத்துச் சோளக் கள் விற்றவள். பன்றித் தோலை மழித்து மழித்துப் பழகிய கை. ஒரு சனிக்கிழமை, கள் குடிக்க வந்த ஸ்பானியத் தச்சன் பெஞ்சில் சாய்ந்து தாடியைச் சொறிந்தான். இசிதோரா கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஆடாம இருங்க துரை. பன்னிகூட இவ்வளவு நெளியாது."

ஊர் நாவிதன் வாங்கியது அரை பெசோ. இவள் வாங்கியது ஒரு ரியால், எட்டு சேர்ந்தால்தான் ஒரு பெசோ. கூடவே ஒரு குவளை கள். அடுத்த சனிக்கிழமை தெருமுனை வரை தாடியாய் நின்றது.

மாதா திருநாளன்று காலையில் அதிகாரியின் வசூல்காரர் தோன் பல்தசார் வந்தார்.

"பன்னண்டு இருக்கு துரை," என்றாள்.

"வட்டி ஏறிப் பதினெட்டு ஆயிடுச்சு. இல்லேன்னா திங்கக்கெழம ஒம் புருசன் குழிக்குள்ள." சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். "மொதல்ல எனக்குச் செர. பவனியில கொடி புடிக்கணும். காசெல்லாம் கெடையாது, கத்தி நான் குடுத்தது."

வலது கன்னத்தை முட்டை மாதிரி ஆக்கினாள். கத்தியைத் துடைத்து மடக்கினாள்.

"என்னடி, இந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் ஆறு பெசோ துரை."

"ஆறா! ஒரு ரியாலுக்குச் செரைக்கிறவடி நீ!"

"வட்டி ஏறிடுச்சு."

சவரத்துக்கு வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாவிதன் பவனியில் சுரூபம் தூக்கப் போயிருந்தான். பவனி புறப்படக் கோவில் மணி அடித்தது.

"ஒன்னைக் கட்டிவெச்சு உரிக்கச் சொல்றேன் பாரு!"

"சொல்லுங்க. ஆனா ஆள் கூப்பிட இந்த மூஞ்சியோட தெருவுல நடக்கணுமே."

தச்சன் கத்தினான்: "குடுத்துத் தொலை, பல்தசார்! பாதித் தாடியோட கொடி புடிச்சா பல்லக்குல இருக்குற மாதாவே சிரிச்சிடுவா!"

மணி மறுபடி அடித்தது. ஆறு பெசோவை எண்ணி வைத்தார். இசிதோராவும் ஒரு கீறல் விழாமல் மீதியை மழித்தாள்.

"இப்போ கைய நீட்டுங்க துரை. எல்லாரும் பாருங்கய்யா, அப்புறம் பத்தொன்பதுன்னு சொல்லிடுவாரு."

பல்தசார் கையை விரித்தார். அவருடைய ஆறையே முதலில் வைத்தாள். அப்புறம் தன் பையைத் திறந்தாள். ஒவ்வொரு பெசோவுக்கும் வரிசையே சேர்ந்து எண்ணிக் கத்தியது. பக்கத்தில் மெல்ச்சோர், இருமலை அடக்கிக்கொண்டு, காசைப் பார்க்காமல் அவளையே பார்த்து நின்றான். பதினேழில் சற்று நிறுத்தி, வசூல்காரர் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பதினெட்டாவதை உள்ளங்கையில் அழுத்தி வைத்தாள்.